திம்முன்னு இல்லாத வயிறு

எங்கள் வீட்டு ஆம்பளைகள் சாப்பிட்டு முடித்ததற்கு ஒரு அடையாளம் உண்டு. வேட்டியை ஒரு சுற்று தளர்த்தி, சுவரில் முதுகைச் சாய்த்து, "வயிறு திம்முன்னு ஆயிருச்சு" என்று சொல்லவேண்டும். அப்பாரு சொன்னார், அப்பா சொன்னார், 45 வயது வரை நானும் சொன்னேன். அந்தத் 'திம்' வராவிட்டால் அது எனக்குச் சாப்பாடே இல்லை, ஏதோ கொறித்த கணக்கு. மாவுச்சத்தை மிகவும் குறைத்து, கொழுப்பையும் புரதத்தையும் வைத்து ஓட்டுகிற கீட்டோ உணவுமுறையில் நான் பட்ட பாட்டில் பாதி இந்தப் பழக்கத்தால் வந்தது. சோற்றை விட்டது பெரிய கஷ்டமாக இல்லை, சத்தியமாக. எப்போது பசிக்கிறது, எப்போது நிறைந்தது என்று எனக்கே தெரியாமல் போனதுதான் கஷ்டம்.

நாமக்கல்லில் ஒரு லாரி ஆபீஸில் கணக்கு எழுதுகிறேன். நாளெல்லாம் நாற்காலி. 2022 கடைசியில் சும்மா ரத்தம் கொடுத்துப் பார்த்ததில் மூன்று மாதச் சர்க்கரை 6.2 வந்தது. எடை 94 கிலோ. அம்மாவுக்குப் பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை. "இன்னும் எல்லையத் தாண்டல, ஆனா எல்லையிலதான் நிக்கறீங்க" என்றார் டாக்டர். கீட்டோ இருக்கட்டுமா என்று நான்தான் கேட்டேன். கிட்னி, ஈரல், கொழுப்பு மூன்றும் பார்த்துவிட்டு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்டவேண்டும் என்ற கண்டிஷனோடு சரி என்றார். 2023 பொங்கல் முடிந்த மறுவாரம் ஆரம்பித்தேன்.

கணக்கு எளிது. ஒரு நாளைக்கு மாவுச்சத்து 30 கிராமுக்குள். வெந்த சோறு 100 கிராமில் ஏறக்குறைய 28 கிராம் இருக்கிறது. நான் மத்தியானம் மட்டும் 400 கிராமாவது சாப்பிடுகிற ஆள் என்பது தராசில் வைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. ஆக, நாள் முழுவதுக்குமான அளவு ஒரு கரண்டியில் முடிந்துவிடும். கீரை, சுரைக்காய், பீர்க்கங்காய், கத்தரிக்காய், முட்டைக்கோஸ், முட்டை, கறி, மீன், தயிர், பனீர், நெய், தேங்காய் என்று பட்டியல் போட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினாள் வீட்டுக்காரி. முட்டைக்கு எங்கள் ஊரில் பஞ்சமில்லை.

முதல் மூன்று நாள் ஜோராகப் போயிற்று. நாலாம் நாள் சாயங்காலம் ஆபீஸிலிருந்து வந்தவன் நாலு முட்டை ஆம்லெட்டும் முட்டைக்கோஸ் பொரியலும் சாப்பிட்டேன். தட்டைக் கழுவி வைக்கிறதுக்குள் மறுபடி பசி. பசி என்றால் வயிற்றைக் கிள்ளுகிற பசி கிடையாது. உடம்பெல்லாம் ஏதோ கேட்கிறது, என்ன கேட்கிறது என்று தெரியவில்லை. தலை விண் விண் என்றது. ஃபிரிட்ஜைத் திறந்து திறந்து மூடினேன்.

"ஏனுங்க, இப்பத்தான நாலு முட்ட சாப்டீங்க?"

"பத்தல."

அவள் ஒரு சொம்பு மோரைக் கலக்கி, எனக்குப் பிடித்த மாதிரி உப்பைத் தூக்கலாகப் போட்டு, பெருங்காயம் கிள்ளிப் போட்டுக் கொடுத்தாள். கால் மணி நேரம் ஆகியிருக்காது. தலைவலி இறங்கியது. பசி போன இடம் தெரியவில்லை. அந்தச் சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்து, இது என்ன மாயம் என்று யோசித்தது நன்றாக நினைவிருக்கிறது.

மாயம் ஒன்றுமில்லை என்பது பிற்பாடு படித்தபோது புரிந்தது. மாவுச்சத்து குறைந்தால் ரத்தத்தில் இன்சுலின் குறைகிறது. இன்சுலின் குறைந்தால் சிறுநீரகம் சோடியத்தை வைத்துக்கொள்ளாமல் வெளியே தள்ளுகிறது, கூடவே தண்ணீரும் போகிறது. ஈரலிலும் தசையிலும் சேமித்திருக்கும் கிளைகோஜன் என்ற மாவுச்சத்து ஒரு கிராம் கரைந்தால் அதோடு ஒட்டியிருக்கும் மூன்று கிராம் தண்ணீரும் கரைகிறது. முதல் வாரம் மூன்று கிலோ இறங்கிவிட்டது என்று வாட்ஸப்பில் போட்டோ போடுகிறார்களே, அதில் பெரும்பங்கு இந்தத் தண்ணீர்தான். நானும் போட்டேன். அந்த உப்பும் தண்ணீரும் போன ஓட்டையைத்தான் நான் பசி என்று நினைத்து முட்டையைப் போட்டு அடைத்துக்கொண்டிருந்தேன்.

அதற்கப்புறம் காலையில் ஒரு டம்ளர் உப்பு போட்ட மோர், சாயங்காலம் ஒரு கிண்ணம் ஆட்டுக்கால் சூப் அல்லது உப்புப் போட்ட எலும்பு ரசம் என்று வைத்துக்கொண்டேன். எனக்கு ரத்த அழுத்தம் கிடையாது, அதனால் செய்தேன். அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இதைப் பார்த்து உப்பை அள்ளிப்போடக் கூடாது. சிலருக்கு இந்த உணவில் அழுத்தம் தானாக இறங்கி, மாத்திரையைக் குறைக்கவேண்டி வருகிறது. அதை டாக்டர்தான் சொல்லவேண்டும்.

இரண்டாவது அடி நெய்யில் விழுந்தது. "கொழுப்பு சாப்பிட்டா பசிக்காது" என்று எல்லாரும் சொல்கிறார்கள். நானும் காலைச் சாப்பாட்டை விட்டுவிட்டு, கருப்புக் காபியில் ஒரு கரண்டி நெய்யும் ஒரு கரண்டி தேங்காய் எண்ணெயும் ஊற்றி, மிக்ஸியில் அடித்து, நுரையோடு குடித்தேன். பார்க்க நன்றாக இருந்தது. குடித்தபின் ஒன்பது மணி வரைக்கும் எதையும் பார்க்கப் பிடிக்காது. ஆஹா, இதுதான் நிறைவு என்று நினைத்தேன். பத்தரை மணிக்கு டிரைவர்களுக்கு டிரிப் காசு எண்ணிக் கொடுக்கும்போது கை பரபரக்கும். மத்தியானம் ஒரு மணிக்குள் இரண்டு தடவை வெளியே போய்க் கடலை மிட்டாய்க் கடையை வெறித்துப் பார்த்துவிட்டு வருவேன்.

ஒரு நாள் நெய் தீர்ந்துபோய், வேறு வழியில்லாமல் மூன்று முட்டையைக் கொத்திப் பொடிமாஸ் செய்து சாப்பிட்டுவிட்டுப் போனேன். கலோரியில் பார்த்தால் அந்தக் காபியோடு ஏறக்குறைய சமம். ஆனால் ஒன்றேகால் மணிக்கு, "அண்ணா, சாப்பிடப் போகலையா?" என்று பக்கத்து மேசைத் தம்பி கேட்டபோதுதான் நேரத்தையே பார்த்தேன். காலையில் அந்தக் காபி கொடுத்தது குமட்டல். குமட்டலும் நிறைவும் வேறு வேறு என்று தெரிந்துகொள்ள எனக்கு ஐந்து வாரம் ஆயிற்று. எண்ணெய்ப் பிசுக்கு நாக்கில் இருக்கிறவரை சாப்பிடப் பிடிக்காது, அவ்வளவுதான். பிசுக்கு போனால் பசி அப்படியே நிற்கும்.

இதற்குப் பழைய ஆராய்ச்சி ஒன்று இருக்கிறது. 1995ல் சிட்னி பல்கலைக்கழகத்தில் சூசன்னா ஹோல்ட் என்பவரும் கூட்டாளிகளும் 38 உணவுகளை எடுத்து, ஒவ்வொன்றிலும் 240 கலோரி அளவு கொடுத்து, இரண்டு மணி நேரம் எவ்வளவு நிறைவாக இருக்கிறது என்று கேட்டார்கள். வெள்ளை ரொட்டிக்கு 100 என்று வைத்தால், கீழே கிடந்தது வெண்ணெய் மடித்துச் சுட்ட குரோசான், 47. முட்டை 150. மீன் 225. எல்லாவற்றுக்கும் மேலே நின்றது எது தெரியுமா? வெறும் அவித்த உருளைக்கிழங்கு, 323. கீட்டோவில் முதலில் தூக்கி எறியச் சொல்வதே அதைத்தான். படித்துவிட்டுச் சிரித்துக்கொண்டேன். ஆனால் எனக்கு வேண்டிய பாடம் அந்தப் பட்டியலிலேயே இருந்தது. ஒரே கலோரிக்கு, கொழுப்பு நிறைந்தது வயிற்றை நிறைக்கவில்லை. புரதமும், தண்ணீரும், நாரும் உள்ளது நிறைத்தது.

பாதாம் கதையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். "பாதாம் எவ்வளவு வேணா சாப்பிடலாம்" என்று யாரோ சொன்னதை நம்பி, மேசை டிராயரில் ஒரு டப்பா வைத்திருந்தேன். பில்டி (சரக்கு ரசீது) எழுத எழுத, கை தானாக உள்ளே போகும். எடை மட்டும் மூன்று வாரம் அசையவில்லை. ஒரு நாள் காலையில் டப்பாவை எங்கள் பார்சல் தராசில் வைத்தேன், 410 கிராம். சாயங்காலம் கிளம்பும்போது வைத்தேன், 230. ஒரே நாளில் 180 கிராம், ஆயிரம் கலோரிக்கு மேல்! அதைச் சாப்பிட்டேன் என்ற நினைவுகூட வயிற்றுக்கு இல்லை, ராத்திரி வழக்கம்போலக் கறி சாப்பிட்டேன். இப்போது பாதாம் என்றால் காலையில் வீட்டிலேயே இருபது எண்ணி, ஊறவைத்து, தோலை உரித்துத் தின்பது. தோலை உரிக்கிற வேலை இருக்கிறதே, அதுதான் அளவுகோல். உரிக்கச் சோம்பலாக இருந்தால் பசி இல்லை என்று அர்த்தம்.

அந்த டப்பாவைப் பற்றி யோசித்தபோதுதான் எனக்குள் ஒன்று பிரிந்தது. பசி என்று நான் ஒரே பேர் வைத்திருந்ததற்குள் நாலைந்து ஆள் இருக்கிறார்கள். அம்மா ரொம்ப நாளாகச் சொல்கிற வார்த்தைதான். "உனக்கு வயிறு கேக்கல சாமி, வாய்தான் நமநமங்குது."

நாலு மணிப் பசியைப் பாருங்கள். சரியாக நாலு பத்துக்கு டீக்கடைத் தம்பி தூக்கோடு வருவான். பொட்டலத்தில் மிளகாய் பஜ்ஜி. எண்ணெய் ஊறின செய்தித்தாளின் வாசம் ஆபீஸ் வாசலைத் தாண்டும்போதே எனக்கு வயிறு கடகட என்று சத்தம் போடும். மத்தியானம் எவ்வளவு சாப்பிட்டிருந்தாலும் சரி. இரைப்பை சுரக்கும் கிரெலின் என்ற ஒரு ஹார்மோன் பசியைக் கிளப்புகிறது. 1999ல் ஜப்பானில் கண்டுபிடித்தார்கள். அது வயிறு காலியானால் மட்டும் ஏறுவதில்லை, வழக்கமாகச் சாப்பிடுகிற நேரத்துக்குச் சற்று முன்பும் ஏறுகிறது. இருபது வருடமாக நாலு பத்துக்கு பஜ்ஜி போட்ட வயிறு, நாலு மணிக்கே வாசலில் போய் நிற்கிறது.

இதற்கு நான் கண்ட வழி: நாலு மணிக்கு எழுந்து யார்டுக்குப் போய்விடுவது. லோடு வண்டி தார்ப்பாய் கட்டியிருக்கிறதா, கயிறு சரியா என்று ஒரு சுற்று. திரும்பி வரும்போது நாலரை, பஜ்ஜி காலி. அந்தப் பசி அரை மணி நேரத்துக்கு மேல் நிற்பதில்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம். நிஜப் பசி நேரம் ஆக ஆக ஏறும். கடிகாரப் பசி ஏறி, நின்று, இறங்கிவிடும். மூன்றாவது வாரத்தில் நாலு பத்து வந்ததே தெரியவில்லை. இன்னொரு சோதனையும் உண்டு. உப்புகூட இல்லாத ஒரு அவித்த முட்டையை மனசுக்குள் முன்னால் வைத்துப் பார்ப்பேன். அதைத் தின்னத் தோன்றினால் பசி. "முட்டையா? வேண்டாம், பஜ்ஜி இருக்குதா?" என்றால் அது வாய்.

ஆனால் எல்லாப் பசியையும் இப்படி யார்டு சுற்றிக் கடத்தக் கூடாது என்பதை அம்மா மூலம் கற்றேன். என் தப்புதான், மறைக்காமல் எழுதுகிறேன்.

நான் இளைக்கிறதைப் பார்த்து அம்மாவுக்கு ஆசை. "நீ சாப்பிடறதையே நானும் சாப்பிடறனே, எனக்கும் சக்கர எறங்கட்டும்" என்றார். நல்லதுதானே என்று விட்டுவிட்டேன். ஒரு மத்தியானம் சோறு இல்லாமல் முட்டையும் பொரியலும் சாப்பிட்டார். காலையில் வழக்கமான கிளிமிப்ரைடு மாத்திரை போட்டிருந்தார். ஐந்து மணிக்கு வீட்டிலிருந்து போன். போய்ப் பார்த்தால் கட்டிலில் உட்கார்ந்திருக்கிறார், முந்தானை வியர்வையில் நனைந்திருக்கிறது, கை நடுங்குகிறது. "பசி உசுரு போகுது கண்ணு." விரலில் குத்திப் பார்த்தால் 58. எழுபதுக்குக் கீழே போனாலே தாழ்சர்க்கரை. மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, கால் மணி நேரம் கழித்துப் பார்த்தபோது 84. அப்புறம்தான் எனக்கு மூச்சு வந்தது.

அந்த மாத்திரை கணையத்தை அமுக்கி இன்சுலினைச் சுரக்க வைக்கிறது. சோறு வரும் என்று இன்சுலின் காத்திருக்கிறது, சோறு வரவில்லை. டாக்டரிடம் போனபோது நல்ல டோஸ் விழுந்தது, எனக்கு. "மாத்திரையக் கொறைக்காம சோத்தக் கொறைக்கலாமா?" இன்சுலின் ஊசி போடுகிறவர்களுக்கும் இதே ஆபத்து. டபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு வேறு ஒரு ஆபத்து: சர்க்கரை பெரிதாக ஏறாமலே ரத்தம் அமிலமாகிவிடலாம். குமட்டல், வாந்தி, மூச்சிரைப்பு வந்தால் நேரே ஆஸ்பத்திரி. ஆகவே சர்க்கரை மாத்திரை வீட்டில் இருந்தால் கீட்டோவை டாக்டரிடமிருந்து ஆரம்பியுங்கள். நடுக்கத்தோடும் வியர்வையோடும் வருகிற பசிக்கு முன்னால் மனக்கட்டுப்பாடு, சோதனை, முட்டை ஒன்றும் வேண்டாம். குத்திப் பாருங்கள், இனிப்பைக் கொடுங்கள்.

இரண்டாம் மாதத்தில் ஒரு நாள் திடீரென்று பசியே இல்லாமல் போயிற்று. இதைச் சொன்னால் புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் பொறாமைப்படுவார்கள். காலையில் ஒன்றும் வேண்டாம், மத்தியானம் வேண்டாம், ராத்திரி ஒரு வேளை போதும். வேலை ஓடியது, தலை தெளிவாக இருந்தது. சாமியார் ஆகிவிட்டேன் என்று ஒரு மிதப்பு. கல்யாண வீட்டில் பந்தியைப் பார்த்துக்கொண்டே நின்றேன். "என்ன மாப்ள, சாப்பிடாம நிக்கறீங்க, ஏதாச்சும் கோவமா?" என்று பெண் வீட்டார் வந்து கேட்டார்கள்.

எடை இறங்கிக்கொண்டே வந்தது. நாலாம் மாதம் குளிக்கும்போது கையோடு முடி வந்தது, கொத்தாக. ராத்திரி கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். எடை வேகமாக இறங்கினால் இரண்டு மூன்று மாதம் கழித்து முடி இப்படி உதிர்வது உண்டு, திரும்ப முளைக்கும் என்றார் டாக்டர். அதற்கப்புறம் அவர் கேட்ட கேள்விதான் முக்கியம். "ஒரு நாளைக்கு எத்தன கிராம் புரோட்டீன் சாப்பிடறீங்க?" கூட்டிப் பார்த்தேன். 40 வரவில்லை. பசிக்காததால் சாப்பிடவில்லை, சாப்பிடாததால் தசையும் சேர்ந்து கரைந்திருக்கிறது. பசி இல்லை என்பதற்காக உடம்புக்குத் தேவை இல்லை என்றாகிவிடாது. அது வரை பசியை அடக்குவது எப்படி என்றே யோசித்துக்கொண்டிருந்தவன், பசிக்காத நாளில் எப்படிச் சாப்பிடுவது என்று யோசிக்கவேண்டி வந்தது.

அப்போது போட்ட ஏற்பாடு இன்றுவரை ஓடுகிறது. நாளைக்கு 90 முதல் 100 கிராம் புரதம். அது முதலில், மற்றதெல்லாம் அப்புறம். காலையில் மூன்று முட்டை, அதில் 18 கிராம். மத்தியானம் கோழியோ மீனோ 200 கிராம், ஐம்பதைத் தொட்டுவிடும். ராத்திரி 100 கிராம் பனீரும் ஒரு கிண்ணம் தயிரும். காய் இரண்டு வேளையும் தட்டில் பாதி. எண்ணெய் தாளிக்கவும் வதக்கவும் எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு. இதைச் செய்த மறுவாரமே தெரிந்தது. சாயங்காலப் பரபரப்பு இல்லை, ராத்திரி ஃபிரிட்ஜைத் திறக்கத் தோன்றவில்லை.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு ஒரு வசதி: பள்ளிபாளையம் சிக்கன். சின்ன வெங்காயம், வரமிளகாய், கறிவேப்பிலை, கோழி, மெல்லிசாகச் சீவின தேங்காய்ச் சில்லு. மசாலாப் பொடி இல்லை, மாவு இல்லை. அதில் எனக்குப் பிடித்தது தேங்காய்ச் சில்லுதான். கடித்து மெல்லாமல் அதை விழுங்க முடியாது. எலும்போடு கூடிய கோழித் துண்டும் அப்படித்தான், கடித்து, திருப்பி, உறிஞ்சி, வைக்கவேண்டும். ஒரு தட்டு முடிய இருபத்தைந்து நிமிடம் ஆகும். அதே அளவு கோழியைக் கொத்துக்கறியாகச் செய்தால் எட்டு நிமிடத்தில் போய்விடுகிறது, "இன்னும் இருக்குதா?" என்று கேட்கிறேன். வயிற்றிலிருந்து போதும் என்ற தகவல் மண்டைக்குப் போக நேரம் வேண்டும். பல்லுக்கு வேலை கொடுத்தால் அந்த நேரம் கிடைக்கிறது. மேட்டூர் அணை மீன் வாங்கினாலும் முள்ளுள்ளதாக வாங்குவது இதற்காகத்தான்.

ஒரு நாள் மத்தியானம் இப்படிச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது நடந்தது. தட்டில் இன்னும் இரண்டு துண்டு இருக்கிறது. கை தட்டுக்குப் போகவில்லை. வயிறு லேசாக இருக்கிறது, வேட்டியைத் தளர்த்தத் தேவையில்லை, 'திம்' இல்லவே இல்லை. ஆனால் அந்த இரண்டு துண்டின் மேல் ஒரு அக்கறையும் இல்லை. ஐந்து நிமிடம் முன்னால் நாக்கில் அவ்வளவு ருசியாக இருந்தது, இப்போது வெறும் கோழி. இதைத்தான் அம்மா திகட்டுது என்பார் போல. நான் வயிறு கனத்தால் நிறுத்தினவன். ருசி இறங்கும்போது நிறுத்தலாம் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. அது சத்தமில்லாமல் வருகிறது. போனைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டால் தெரியாது. முதல் சில மாதம் எனக்கு வந்திருக்கலாம், 'திம்'முக்குக் காத்திருந்ததில் நான்தான் தவற விட்டிருப்பேன்.

புரட்டாசி வந்தது. எங்கள் வீட்டில் அந்த மாதம் கறி, மீன், முட்டை எதுவும் அடுப்பேறாது. ஊரே அப்படித்தான், முட்டை விலை இறங்கும் காலம். பனீர், தயிர், நெய், தேங்காய், காளான், கீரை என்று ஓட்டினேன். மாவுச்சத்து கூடவில்லை, கொழுப்பு முன்னைவிட அதிகம். ஆனால் பத்து நாளில் பசி திரும்ப வந்துவிட்டது, அதுவும் அந்தப் பழைய பரபரப்போடு. கூட்டிப் பார்த்தால் புரதம் 50க்கு இறங்கியிருந்தது.

ஸ்டீஃபன் சிம்ப்சன், டேவிட் ரௌபன்ஹைமர் என்ற இரண்டு பேர் வெட்டுக்கிளியை வைத்து ஆராய்ந்து, 2005ல் மனிதனுக்கும் ஒரு கருத்தைச் சொன்னார்கள். உடம்புக்குப் புரதத்துக்கென்று ஒரு கோட்டா உண்டு, அது நிறைகிறவரை தின்னச் சொல்லிக்கொண்டே இருக்கும் என்று. கருத்துதான், மாற்றுப் பேச்சும் இருக்கிறது. ஆனால் என் புரட்டாசி அதற்குச் சாட்சி சொல்லும். மீல் மேக்கரை 40 கிராம் ஊறவைத்துப் பிழிந்து, மிளகு போட்டு வறுத்தால் 20 கிராம் புரதம். கொஞ்சம் மாவுச்சத்தும் அதில் உண்டு, அந்த அளவுக்குக் காயைப் பார்த்துப் போட்டேன். அக்கா மகன் ஜிம்முக்கு வாங்கி வைத்திருந்த வே புரோட்டீன் டப்பாவிலிருந்தும் ஒரு ஸ்கூப் கடன் வாங்கினேன். பசி அடங்கியது. சைவர்கள் கீட்டோ இருக்க முடியுமா என்று கேட்கிறவர்களுக்கு என் பதில்: முடியும், ஆனால் நெய்யை எண்ணாதீர்கள், பனீரை எண்ணுங்கள்.

அந்த ஐப்பசியில் தீபாவளி. மூன்று நாள் அதிரசம், முறுக்கு, அரிசியும் பருப்பும் என்று கட்டை அவிழ்த்துவிட்டேன். வருத்தமில்லை, அம்மா கை அதிரசம். ஆனால் நாலாம் நாள் வந்த பசி இருக்கிறதே, அதை நான் எதிர்பார்க்கவில்லை. சாப்பிட்டு ஒன்றரை மணி நேரத்தில் காது அடைத்தது. எடை இரண்டரை கிலோ கூடியிருந்தது, அது தண்ணீர் என்று தெரிந்ததால் பயப்படவில்லை. பசிக்குத்தான் காரணம் தேடினேன். மெல்போர்னில் பிரியா சுமித்ரன் குழு 2013ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று கிடைத்தது. 39 பேரை எட்டு வாரம், கீட்டோன் (மாவுச்சத்து கிடைக்காதபோது ஈரல் கொழுப்பிலிருந்து செய்யும் எரிபொருள்) உண்டாகும் மிகக் குறைந்த கலோரி உணவில் வைத்து எடையைக் குறைத்தார்கள். எடை குறைந்தால் கிரெலின் ஏறவேண்டும், உடம்பு இழந்ததைத் திரும்பக் கேட்கும். கீட்டோன் ஓடுகிற அந்த நிலையில், அதாவது கீட்டோசிஸில், இருந்தவரை அது ஏறவில்லை. பழைய உணவுக்குத் திரும்பி இரண்டு வாரத்தில் ஏறிவிட்டது. ஆக, எனக்கு அதுவரை இருந்த அமைதியில் ஒரு பங்கு என் சமர்த்து இல்லை, கீட்டோன் பிடித்து வைத்திருந்த கயிறு. நாலு நாள் பல்லைக் கடித்துக்கொண்டு உப்பு மோர், முட்டை, கீரை என்று போனதும் பழைய நிலை வந்தது.

இதைச் சொல்கிறதால் கீட்டோ ஒன்றுதான் பசியை அடக்கும் என்று நினைக்கவேண்டாம். அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் குழு 20 பேரை அங்கேயே தங்கவைத்து, இரண்டு வாரம் கீட்டோ வகை உணவும் இரண்டு வாரம் கொழுப்புக் குறைந்த தாவர உணவும் வேண்டிய மட்டும் சாப்பிடச் சொன்னது, 2021ல் வெளியானது. கொழுப்புக் குறைந்த உணவில்தான் நாளைக்கு ஏறக்குறைய 700 கலோரி குறைவாகச் சாப்பிட்டார்கள். பசியில் பெரிய வித்தியாசம் சொல்லவில்லை. என் மச்சினன் சோறு, பருப்பு, காய், மோர் என்று அளவாகச் சாப்பிட்டு, நடந்தே ஒன்பது கிலோ இறக்கினான். எனக்கு அது முடியவில்லை, ஒரு கரண்டி சோறு என் விஷயத்தில் அடுத்த கரண்டியைக் கூப்பிடும். அவனுக்குக் கூப்பிடவில்லை. ஆளுக்கு ஆள் வயிறு வேறு.

கொழுப்பு ரிப்போர்ட்டையும் சொல்லாமல் விட்டால் நேர்மையில்லை. ஆறாம் மாதம் கெட்ட கொழுப்பு 124லிருந்து 168க்கு ஏறியது. மூன்று மாதச் சர்க்கரை 5.6க்கு வந்த சந்தோஷத்தில் டாக்டர் அதை விட்டுவிடவில்லை. தேங்காய் எண்ணெயைத் தாளிப்போடு நிறுத்தி, கடலை எண்ணெய்க்கு மாறி, ஆட்டுக்கறியைக் குறைத்து மத்தி, அயிலை கூட்டினேன். அடுத்த ரிப்போர்ட்டில் 139. கொழுப்பைக் குறைத்ததால் பசி கூடவில்லை. கூடும் என்று பயந்திருந்தேன்.

இப்போது 81 கிலோவில் நிற்கிறேன். கறாரான கீட்டோ இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஒரு கரண்டி அரிசியும் பருப்பும் உண்டு, கறியும் காயும் சாப்பிட்டு முடித்தபிறகு, கடைசியில். முதலில் வைத்தால் ஒரு கரண்டி நாலாகிறது, கடைசியில் வைத்தால் ஒன்றோடு நிற்கிறது. அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. "கடைசில சோறு திங்கறவன இப்பத்தான் பாக்கறேன்" என்கிறார்.

இன்னும் வழி தெரியாத ஒன்று இருக்கிறது: மார்ச் மாதம். வருடக் கணக்கு முடிக்க ஆபீஸில் ராத்திரி ஒரு மணி, இரண்டு மணி ஆகும். நாலு மணி நேரம் தூங்கி எழுந்த நாளில் எந்த வித்தையும் பலிக்கிறதில்லை. மூன்று முட்டை, உப்பு மோர், யார்டு சுற்றல் எல்லாம் செய்தும் பதினொரு மணிக்குக் கை பிஸ்கட் டப்பாவைத் தேடும். 2004ல் சிகாகோவில் பன்னிரண்டு இளைஞர்களை இரண்டு ராத்திரி நாலு மணி நேரம் மட்டும் தூங்கவிட்டுப் பார்த்ததில், கிரெலின் 28 சதவீதம் ஏறி, நிறைவைச் சொல்லும் லெப்டின் 18 சதவீதம் இறங்கியதாம். ஆக, காரணம் தெரியும். முதலாளியிடம் அதைச் சொல்லி லீவு கேட்க முடியாது. போன மார்ச்சில் ஒன்றரை கிலோ ஏறியது. பிஸ்கட் டப்பாவைப் பக்கத்து மேசைத் தம்பியிடம் கொடுத்து, பூட்டி வைக்கச் சொல்லியிருக்கிறேன். அவன் சாவியை எங்கே வைக்கிறான் என்று எனக்குத் தெரியும்.